ரெப்ளிக்கா கட்ட எந்தப் பழைய காரை எடுக்கிறது? கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின்ர வடிவத்தில ஒண்டைக் கட்ட ஆசைப்படுற ஆக்களின்ர கேள்விகளும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில கராஜ் வைச்சிருக்கிற அண்ணையின்ர பதில்களும்.

கேள்வி (கோண்டாவில்): அண்ணை, போர்ஷ 356 ஸ்பீட்ஸ்டர் மாதிரி ஒண்டு கட்டப்போறன். அடித்தளத்துக்கு மொரிஸ் மைனர் எடுக்கவோ, வொக்ஸ்வாகன் பீற்றில் எடுக்கவோ? மைனர் ஒண்டு மலிவா வருது.

பதில்: மைனரை விடுங்கோ தம்பி. அதுக்குத் தனிச் சேஸ் (பொடியைத் தாங்குற அடிச்சட்டம்) இல்லை. பொடியும் தளமும் ஒண்டாச் சேர்த்து வெல்ட் பண்ணினது. பொடியை வெட்டினால் எஞ்சினும் நாலு சில்லும்தான் கையில மிஞ்சும். பீற்றிலின்ர பொடி போல்ட்டிலதான் நிக்குது. கழட்டித் தூக்கினால் எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் கீழ தளத்தோடயே இருக்கும். 356உம் அந்த வழியில வந்த கார்தான்; எஞ்சின் பின்னுக்கு, காத்தில குளிர்றது.

ஆனா பீற்றிலின்ர வீல்பேஸ் (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில உள்ள தூரம்) 2400 மில்லிமீற்றர், 356க்கு 2100. அந்த 300ஐத் தளத்தின்ர நடுவில வெட்டி எடுத்துத் திருப்பி ஒட்டவேணும். நடுவால முதுகெலும்பு மாதிரிப் போற குழாய்க்குள்ளாலதான் கியர்க் கம்பி, கிளச் கேபிள், பெற்றோல் குழாய் எல்லாம் போகுது. அதுகளையும் கட்டையாக்க வேணும். தளம் அசையாமப் பிடிக்கச் சட்டம் அடிச்சு, நேர் பார்த்து, ரெண்டு மூலைவிட்டமும் ஒண்டா வருதோ எண்டு அளந்து வெல்ட் பண்ணக்கூடிய ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கோ.

அப்பிடி ஆள் இல்லையெண்டால் எம்ஜி ரீடி எண்ட பழைய இங்கிலிஸ் ஸ்போர்ட்ஸ் காரின்ர வடிவம் கட்டலாம். அதின்ர வீல்பேஸ் 94 அங்குலம், பீற்றிலுக்கு 94.5. வெட்டவே தேவையில்லை. வெளிநாட்டில கனபேர் அப்பிடித்தான் கட்டினவை. ஒண்டு மட்டும், உண்மையான ரீடிக்கு எஞ்சின் முன்னுக்கு. உங்கட காரில நீட்டுப் பொனற்றைத் திறந்தால் உள்ளுக்க எஞ்சின் இராது. எனக்கு அது பிடிக்கேல்லை. உங்களுக்குப் பரவாயில்லையெண்டால் செலவு குறைஞ்ச வழி அதுதான்.

கேள்வி (இணுவில்): என்னட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒண்டு நிக்குது. பொடி முழுக்க உக்கல். கலியாணக் கார்தானே, இதில என்ன ஸ்போர்ட்ஸ் கார் கட்டப்போறாய் எண்டு சிரிக்கினம்.

பதில்: சிரிக்கிறவைக்குச் சொல்லுங்கோ, 1950இலயிருந்து 1953 வரைக்கும் ஒஸ்ரின் கொம்பனியே ஏ40 ஸ்போர்ட்ஸ் எண்டு ஒரு திறந்த காரை வித்தது. ஜென்சன் கொம்பனி அலுமினியத்தில பொடி அடிச்சுக் குடுத்தது. நாலாயிரம் அளவில செய்தவை. 1951இல அதில ஒண்டு 21 நாளில உலகத்தைச் சுத்தி வந்தது. கடலைத் தாண்ட விமானத்தில ஏத்தினவை எண்டது வேற கதை. அதுக்குள்ள இருந்தது உங்கட காரின்ர 1200 சிசி எஞ்சின்தான், ரெண்டு கார்புரேற்றரோட.

யாழ்ப்பாணத்தில நிண்டுகொண்டு அடித்தளத்துக்கு ஏ40ஐ விட்டு வேற கார் தேடுறது எனக்கு விளங்காத விஷயம். தனிச் சேஸ் இருக்கு, சாமானும் வேலை தெரிஞ்ச கையும் உள்ளூரிலயே இருக்கு. சோமசெற்றுக்கு முதல் வந்த ஏ40 டெவனில முன் பிறேக் மட்டும்தான் ஹைட்ரோலிக், பின்னுக்குக் கம்பி. சோமசெற்றில நாலும் ஹைட்ரோலிக். அதால உங்கடதுதான் திறம். வேகத்தை மட்டும் எதிர்பாராதேங்கோ. போர் (பிஸ்டன் ஓடுற துளையின்ர அகலம்) 65.5 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 89. நீட்டு ஸ்ட்ரோக் எஞ்சின், சுத்திப் பறக்காது. மேட்டில இழுக்கும், ஆனா எங்களுக்கு மேடுமில்லை.

கேள்வி (லண்டன், ஊர் வேலணை): அப்பாவின்ர ஏ40 வளவுக்க கொட்டிலில நிக்குது. கதவு, கண்ணாடி, சீற் எல்லாம் இருக்கு. அதை வெட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கலாமோ?

பதில்: வெட்டாதேங்கோ. முழுசா நிக்கிற காரை அப்பிடியே திருத்தி ஓடுங்கோ. ரெப்ளிக்காவுக்கு எடுக்கவேண்டியது, பொடி போய்ச் சேஸும் பதிவுப் புத்தகமும் மிஞ்சின காரை. தீவுப்பக்கத்துக் கார் எண்டபடியால், திருத்தத் தொடங்க முதல் சேஸைச் சுத்தியலால தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, பின் வில்லுத்தட்டுப் பிடிக்கிற இடத்தில முக்கியமா. உப்புக்காத்து அங்கதான் முதல் தின்னும். மேல அடிச்ச கறுப்புப் பெயின்ற்றை நம்பவேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின் எண்டு சொல்லுகினம். எடுக்கலாமோ?

பதில்: அந்தக் காலத்தில ஓடின எது மண்ணெண்ணெய் குடிக்கேல்லை? எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதால எஞ்சின் போரும் பெயாரிங்கும் தேயும். பிறகு போரைக் கடைஞ்சு பெருப்பிச்சவையோ, இப்ப என்ன ஓவர்சைஸ் (அளவு கூடின) பிஸ்டன் கிடக்கு எண்டு கேளுங்கோ. கடைசி ஓவர்சைஸில நிண்டால் விலையைக் குறையுங்கோ, இல்லாட்டி ஸ்லீவ் (போருக்குள்ள இறுக்கிற புதுக் குழாய்) போடுற செலவையும் கணக்கில சேருங்கோ.

கேள்வி (நல்லூர்): வீ8 எஞ்சின் போட்ட அந்த ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரிக் கட்டலாமோ?

பதில்: வீ8 எஞ்சினுக்கு எங்க போவியள்? ஒடுக்கமான ஏ40க்கு மேல அகலமான கோப்ரா பொடியை வைச்சால் சில்லு மட்காட்டுக்குள்ள ஒளிச்சு நிக்கும். வேண்டாம்.

கேள்வி (வல்வெட்டித்துறை): எங்கட பக்கம் படகுக்கு பைபர் அடிக்கிற ஆக்கள் இருக்கினம். பொடியை அவையிட்டக் குடுக்கலாமோ?

பதில்: தாராளமாக் குடுக்கலாம், அச்சு எடுக்கத் தெரிஞ்ச ஆக்கள். ஆனா படகு அடிக்கிற கை பாரமா அடிக்கும், பக்கத்தில நிண்டு தடிப்பைப் பாருங்கோ. மேல்பக்கம் முழுக்க மூண்டு நாலு மில்லிமீற்றர் காணும். கதவு தொங்குற இடத்தையும் கண்ணாடிச் சட்டத்தையும் இரும்பு பெட்டிக் குழாயில செய்து சேஸோட பிடியுங்கோ. கூரையை எடுத்தாப் பிறகு சேஸ் முறுகும், வெறும் பைபர் அதைத் தாங்காது. ஒருநாள் கதவு பூட்டுப்படாது.

கேள்வி (மானிப்பாய்): நல்ல சேஸ் ஒண்டு வருது, புத்தகம் இடம்பெயர்வில துலைஞ்சதாம். பாதி விலை.

பதில்: பாதி விலைக்கும் வேண்டாம் பிள்ளை. சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோட ஒத்து வரவேணும். பொடியின்ர வகையை மாத்திறது எண்டால், வெட்டத் தொடங்க முதலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேட்டு, பதிலை எழுத்தில வாங்குங்கோ. கார் முடிஞ்சாப் பிறகு போய்க் கேட்டால் பதில் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். நம்பர் குத்தியிருக்கிற இடத்தில வாள் படவே கூடாது. பீற்றிலில அது பின் சீற்றுக்குக் கீழ, நடுக் குழாய்க்கு மேல இருக்கு.

கேள்வி (உரும்பிராய்): அண்ணை, மூண்டு கார் பாத்து வைச்சிருக்கிறன். படம் அனுப்பினால் சொல்லுவியளோ?

பதில்: அனுப்புங்கோ. முன்னால நிண்டு எடுத்த வடிவான படம் வேண்டாம். காருக்குக் கீழ படுத்து எடுத்ததும், புத்தகத்தின்ர முதல் பக்கமும் காணும்.