கற்பூரம் காற்றில் கரைவது எந்த வகை மாற்றம்?

திறந்து வைத்தாலும் கற்பூரம் காணாமல் போகிறது, கொளுத்தினாலும் காணாமல் போகிறது. இரண்டும் வேதியியல் மாற்றம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முதலாவது இயற்பியல் மாற்றம்.

திறந்து வைத்த கற்பூரம் உருகாமல் நேராக ஆவியாகிறது. பதங்கமாதல் என்பது இதுதான். 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணு சேர்ந்த அதே மூலக்கூறுதான் ஆவியிலும் இருக்கிறது. மூக்குக்கு வருவதும் அதுவே. மூடிய பாத்திரத்தில் அந்த ஆவியைக் குளிரவைத்தால் மறுபடி வெள்ளையாகப் படியும்.

கொளுத்தினால் மூலக்கூறே உடைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முழுதாக எரியாத கார்பன்தான் அந்தக் கரும்புகை. புதுப் பொருள் வந்துவிட்டது, அதனால் வேதியியல் மாற்றம்.

சரி, பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம் என்ற சோதனை? அதை மட்டும் நம்பாதீர்கள், பல இடங்களில் ஏமாற்றிவிடும். கிழித்த காகிதத்தைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் காகிதத்தின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் செல்லுலோஸாகவே இருப்பதால் அது இயற்பியல் மாற்றம். ஈய அமில இன்வெர்ட்டர் பேட்டரியிலோ மின்சாரம் எடுக்கும்போது ஈயமும் ஈய டை ஆக்சைடும் ஈய சல்பேட்டாகின்றன, சார்ஜ் ஏற்றினால் பழையபடி திரும்புகின்றன. இரு திசையிலும் நடப்பது வேதியியல் மாற்றமே.