பசங்களும் போனும்: சேலம் தன்னார்வலர்களின் கேள்விகளுக்குப் பதில்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மாலை மையம், ஊர் நூலகம், தெரு மன்றம் என்று இளைஞர்களோடு வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, வீடியோ எடிட்டிங் வகுப்பு வைத்தோம். இரண்டாவது வாரமே பாதிப் பேரைக் காணோம். வருகிறவர்களும் போனைத்தான் பார்க்கிறார்கள். எந்தச் செயலி சொல்லிக் கொடுத்தால் நிற்பார்கள்?

செயலியை அப்புறம் பார்க்கலாம் தம்பி. நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மாலையில் இன்னொரு வகுப்பு எதற்கு? யாருக்குக் காட்டப் போகிறோம், என்றைக்குக் காட்டப் போகிறோம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆடியில் உங்கள் தெரு மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோரும் கூடுவார்கள். அன்று சாயங்காலம் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பசங்க எடுத்த படத்தைப் போடப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். சத்தம் ஏன் இரைகிறது, படம் ஏன் ஆடுகிறது என்று அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். அப்போது சொல்லிக் கொடுத்தால் மண்டையில் ஏறும்.

முதல் வேலையாக ஸ்டாப் மோஷன் எடுக்கச் சொல்வேன். ஒரு தட்டுவடை செட் தன்னைத்தானே அடுக்கிக்கொள்வது போல எடுக்கலாம். கீழே ஒரு தட்டுவடை, சட்னி, பீட்ரூட், கேரட் துருவல், மேலே இன்னொரு தட்டுவடை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நகர்த்தும்போதெல்லாம் ஒரு போட்டோ. ஒரு நொடிக்கு 12 போட்டோ என்று வைத்தால் 10 நொடிப் படத்துக்கு 120 போட்டோ வேண்டும். தனி ஆளாக உட்கார்ந்தால் சலித்துப் போகும். நாலு பேர் இருந்தால்தான் நடக்கும். ஒருத்தி துருவலை நகர்த்த, ஒருவன் பொத்தானை அழுத்த, இன்னொருவன் "கை தெரியுது, எடு" என்று கத்த, பேசாத பிள்ளைகள்கூடப் பேச ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் சொருகிவிடுங்கள், அசையக் கூடாது. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் படம் விட்டு விட்டு மின்னும்.

செவ்வாப்பேட்டை: எங்கள் பசங்களுக்கு சினிமாப் பாட்டுக்கு ரீல்ஸ் ஆடினால் போதும். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள், ஆடட்டும். பாட்டை மட்டும் அவர்களே செய்யட்டும். உங்கள் பகுதியில் கொலுசுப் பட்டறைக்கா பஞ்சம்? வெள்ளியைத் தட்டுகிற சத்தம், சலங்கை முத்தைக் கொட்டுகிற சத்தம், பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் எல்லாவற்றையும் போனிலேயே பதியலாம். கணினியில் ஓடும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டி அடுக்கினால் அருமையான தாளம் கிடைக்கும். காப்புரிமைத் தொல்லையும் இல்லை. அப்பா வேலை செய்யும் பட்டறையைச் சொல்லவே கூச்சப்பட்ட ஒரு பையன், அந்தத் தாளம் ஓடும்போது "இது எங்கப்பா அடிக்கிறது" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னதைக் கேட்டேன்.

ஒருநாள் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கும் கூட்டிப் போங்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-ல் எடுத்தவர்கள். சினிமா என்றால் சென்னை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டும்.

ஏற்காடு மலைக் கிராமம்: எங்களுக்கு சிக்னலே கிடையாது அக்கா. நாங்கள் என்ன செய்ய முடியும்?

மேலே சொன்ன எதற்குமே இணையம் தேவையில்லை. பிள்ளைகளே விளையாட்டும் அனிமேஷனும் செய்து பழகும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைக்கூட ஒருமுறை கணினியில் இறக்கிவிட்டால் இணையம் இல்லாமல் ஓடும். உங்கள் ஊரில் பெரியவர்களின் பாட்டும் கதையும் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் பதியட்டும். பதிந்ததை முதலில் பாடியவருக்கே போட்டுக் காட்டவேண்டும். வெளியே போடலாமா என்று அவர்தான் சொல்லவேண்டும், குறிப்பாக சாமிப் பாட்டு என்றால். வேண்டாம் என்றால் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எதையும் திட்டமிடாதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

கொண்டலாம்பட்டி, ஒரு அக்கா: பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் போன் தருவதில்லை.

வீட்டுக்கே போய் அம்மாவிடம் பேசுங்கள் அக்கா. முகம் வராது, மையத்துப் போனில்தான் எடுப்போம், இத்தனை மணிக்குள் வீட்டில் இருப்பாள் என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒலிப்பதிவு, கதை, வரைகலை எதிலும் முகம் தேவையில்லை. காட்டும் நாளில் அந்த அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.

ஓமலூர்: எங்கள் வாட்ஸாப் குழுவிலிருந்து ஒரு பெண்ணின் எண்ணை எடுத்து யாரோ தொந்தரவு செய்கிறான்.

இதைத் தள்ளிப் போடவே கூடாது. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் தராமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் எதுவும் வெளியே போய்விடுமோ என்று அவள் பயந்தால், 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதில் பதியலாம்; அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க அது உதவும்.

அப்புறம், பிள்ளைகளின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியும் குழுவே வேண்டாம். பெற்றோர் குழு வையுங்கள். எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனியாக, இரவில் மெசேஜ் பேசாதீர்கள்; எப்போதும் இன்னொரு பெரியவர் அதைப் பார்க்கும்படி இருக்கட்டும். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

மேட்டூர்: முதல் படம் காட்டி முடித்ததும் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

கலையட்டும், பரீட்சை வேறு இருக்கும். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டாம். ரொம்ப ஆர்வமாக இருந்த இரண்டு பேரிடம் மட்டும் எட்டாவது படிக்கிற பிள்ளைகளை ஒப்படைத்து, அவர்களையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். மையத்துச் சாவியும் போனும் அவர்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுங்கள்.