டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது?

கேள்வி: மருதமுனையில் வீட்டிலிருந்தே கைத்தறிச் சாரனும் சாரியும் விற்கிறேன். போன வருடம் டொட் கொம் இணையத்தளம் ஒன்று செய்து தர ஒருவருக்கு 45,000 ரூபாய் கொடுத்தேன். 25,000 வங்கியில் போட்டது, மிச்சம் கையில். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, பேசியதெல்லாம் வட்ஸ்அப்பில். இப்போது புதுப்பிக்க 30,000 கேட்கிறார். தராவிட்டால் தளத்தை நிறுத்துவாராம். பாஸ்வேர்ட் ஒன்றும் என்னிடம் இல்லை. பொலிஸில் முறையிடலாமா?

பதில்: சகோதரி, பொலிஸுக்குப் போனால் "இது சிவில் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். ஏமாற்றியதாகக் காட்ட, ஆரம்பத்திலேயே அவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று நிறுவ வேண்டும். தளத்தைச் செய்து தந்தவர் மீது அது கடினம்.

டொமைன் என்பது உங்கள் தளத்தின் இணைய முகவரி. முதலில், இணைய முகவரிகளை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் டொமைன் தேடல் பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் பதிவு, எந்தத் திகதியில் முடிகிறது என்பது தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். உங்கள் பிரச்சினையின் கரு இதுதான்: காசு கொடுத்தவர் நீங்களாக இருந்தாலும், பதிவு நிறுவனம் பதிவிலுள்ள பெயரைத்தான் உரிமையாளராகப் பார்க்கும். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவை), தளத்தின் கோப்புகள் மூன்றும் வேறு வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் எடுத்த துணிப் படங்களின் உரிமை உங்களுடையது. தளத்தின் வடிவமைப்பு யாருக்கு என்பது பேசிய பேச்சைப் பொறுத்தது.

சான்றுகள்: 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, வட்ஸ்அப் செய்தி என்ற காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது. இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை எறியாதீர்கள். கையில் கொடுத்த 20,000 க்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், "மிச்சக் காசு கிடைத்தது" என்று அவர் அனுப்பிய ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: "என் தொழிலுக்காக, என் பணத்தில் நீங்கள் பதிவு செய்த டொமைனை இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்றி, ஹோஸ்டிங் கணக்கின் விபரத்தையும் கோப்புகளின் பிரதியையும் தர வேண்டும்." அதே பதிவு நிறுவனத்தில் உங்களுக்கும் ஒரு கணக்கு இருந்தால், அவர் அங்கிருந்தே மாற்றிவிடலாம். வேறு நிறுவனத்துக்கென்றால், இப்போதைய பதிவு நிறுவனத்திடமிருந்து பெறும் பரிமாற்றக் குறியீடு தேவை. பெயரை மாற்றிய கையோடு நிறுவனம் மாற முயன்றால் 60 நாள் பூட்டு விழக்கூடும், அதுவரை நிறுவனம் மாற்ற முடியாது.

30,000 முழுவதும் அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. டொட் கொம் புதுப்பிப்பு பொதுவாக வருடத்துக்கு 10 முதல் 20 டொலர் வரைதான். ஹோஸ்டிங் வேறு செலவு. பில்லோடு கணக்குக் கேளுங்கள். முடிவுத் திகதி நெருங்கிவிட்டால், உண்மையான செலவை மட்டும் "என் உரிமைக்குப் பாதகமின்றி" என்று எழுதி வங்கி வழியாகக் கொடுங்கள். காலாவதியான டொமைனை மீட்பதற்கு கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

அவர் அசையாவிட்டால், இந்தத் தொகைக்கு நேரடியாகக் கல்முனை மாவட்ட நீதிமன்றம் போக முடியாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைதான். அங்கே மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். நீங்களே பேச வேண்டும், சட்டத்தரணி வரமுடியாது. இணக்கம் வராவிட்டால் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் வழக்கு. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு வழக்குத் தொடரக் காலம் 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3. வட்ஸ்அப் எதில் சேரும் என்று வாதிட்டுக்கொண்டிராமல் 3 என்றே எண்ணிச் செயற்படுங்கள்.

டொமைன் தகராறுக்கென்று சர்வதேச நடுவர் முறை இருக்கிறது. ஆனால் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் அதன் கட்டணமே 1,500 டொலரில் தொடங்கும். 45,000 ரூபாய்த் தளத்துக்கு அது தேவையில்லை.

கோபத்தில் அவருடைய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியின்றி நுழைவதற்கு 5 வருடம் வரை சிறை உண்டு. அப்படிச் செய்தால் முறைப்பாட்டுக்காரர் அவராகிவிடுவார்.