640 பேருக்கு மடல்: எந்தச் சேவை கட்டுப்படியாகும்?

கேள்வி: வீட்டில் முறுக்கு, அச்சு முறுக்கு செய்து விற்கிறோம். 640 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஜிமெயிலில் மொத்தமாக அனுப்பினால் தடுத்துவிடுகிறது. குறைந்த செலவில் எந்தச் சேவையை எடுக்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சாதாரண ஜிமெயில் கணக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப விடாது. சேவை எதற்குக் காசு கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள்: பட்டியலில் உள்ள பெயர்களுக்கா, அனுப்பும் மடல்களுக்கா? மாதம் ஓரிரு முறை அனுப்பும் உங்களுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும். மொத்தமாக மடல் அனுப்பித் தரும் பிரெவோ (Brevo) சேவையின் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 300 மடல். பட்டியலை மூன்றாகப் பிரித்து மூன்று நாளில் அனுப்பிவிடலாம். தீபாவளி ஆர்டருக்கு இது தாராளம். பெயர்க் கணக்கில் வசூலிக்கும் சில சேவைகள் விலகிப்போனவர்களையும் சேர்த்து எண்ணும், கவனம். விலை டாலரில் இருந்தால் வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றி, வங்கி பிடிக்கும் தொகையையும் கூட்டுங்கள்.

அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரி வேண்டவே வேண்டாம். மடல் ஸ்பேமில் விழும். சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) வாங்கி, மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட மடல் சேவை தரும் டிகிம் (DKIM), டிமார்க் (DMARC) பதிவுகளை அந்த டொமைனின் டிஎன்எஸ் (DNS) அமைப்புப் பக்கத்தில் ஒட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்தப் பக்கத்தில் பதிவின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து எழுதினால், பல இடங்களில் அது இரண்டு முறை பதிவாகி, சரிபார்ப்பு தோற்றுவிடும். டொமைனுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எழுதுங்கள்.

பழைய பில் புத்தகத்தில் எடுத்த முகவரிகள் என்றால், அனுப்பலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். யாராவது நிறுத்தச் சொன்னால், மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுத்தியாக வேண்டும்.