கொரோனா சரிவிலிருந்து மீள, அமெரிக்காவில் கனரக லாரி வரியை நிறுத்தி வைத்திருக்க வேண்டுமா?

2020-ல் லாரி டீலர்கள் இந்தக் கோரிக்கையை எழுப்பியபோது நானும் ஆதரித்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதில் பயனில்லை, அந்த வரியை ஒரேயடியாக எடுத்துவிட வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு லாரி ஷோரூமில் கணக்கு பார்க்கிறேன். பெரிய லாரி புதிதாக விற்கும்போது விலையில் 12 சதவீதம் மத்திய அரசுக்குப் போகும். முதல் உலகப் போர்ச் செலவுக்காக 1917-ல் 3 சதவீதமாகத் தொடங்கியது, இடையில் போய்த் திரும்பி வந்து, 1983 முதல் 12-ல் நிற்கிறது. பழைய லாரிக்கு இந்த வரி கிடையாது.

2020-ல் ஒரு பஞ்சாபி டிரைவர் வந்தார். சொந்த லாரி, அதுவும் பழையது. 2010-க்கு முந்தைய இன்ஜின்கள் 2023-லிருந்து இங்கே ஓட முடியாது என்பதால் மாற்றியாக வேண்டும். லாரி விலை ஒன்றரை லட்சம் டாலர். பில்லில் அதற்குக் கீழே இருந்த வரித்தொகையில் விரலை வைத்து, "இந்த 18,000 எதுக்கு?" என்றார். ரோடு போடுகிற நிதிக்கு என்றேன். "வண்டி இன்னும் ரோட்டில் ஏறவே இல்லையே" என்றார். அந்தத் தொகையும் கடனில் சேர்ந்து, அதற்கும் வட்டி கட்ட வேண்டும். கடைசியில் ஐந்து லட்சம் மைல் ஓடிய 2015 மாடல் ஒன்றை வேறு இடத்தில் வாங்கினார். புகை குறைந்த புது வண்டி ஓட வேண்டும் என்று ஒரு பக்கம் சட்டம் போட்டுவிட்டு, புகைவடிகட்டி விலைக்கும் சேர்த்து 12 சதவீதம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, அப்போ ஏன் தற்காலிக நிறுத்தம் வேண்டாம் என்கிறேன்? பேச்சு கிளம்பியதுமே வாங்க இருந்தவர்களும் போன் செய்து, "வரி போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். நிறுத்தியிருந்தால் எல்லாரும் அந்தச் சில மாதங்களில் முட்டி மோதி வாங்கியிருப்பார்கள், அடுத்த வருடம் ஷோரூம் காத்தாடியிருக்கும். 2020 ஏப்ரலில் லோடே இல்லாமல் வண்டிகள் நின்றன. லோடு இல்லாதவன் வரி குறைந்தது என்பதற்காக லாரி வாங்க மாட்டான். 2021-ல் லோடு குவிந்தது, வரியோடே வாங்க ஆள் வரிசையில் நின்றார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சிப் தட்டுப்பாட்டால் தொழிற்சாலையிலிருந்து வண்டி வரவில்லை. அந்த நேரத்தில் வரியை எடுத்திருந்தால் விலை ஏறி, மிச்சம் எங்களைப் போன்ற விற்பவர்கள் கைக்குத்தான் வந்திருக்கும்.

ரோட்டுக்குப் பணம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். மத்திய டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட், 1993-க்குப் பிறகு ஏறவே இல்லை. அதைக் கொஞ்சம் ஏற்றட்டும், அல்லது ஓடிய மைலுக்கு வாங்கட்டும். அந்த டிரைவர் அதைக் கட்டத் தயங்க மாட்டார், ஏனென்றால் மைல் ஓடினால் அவர் கையில் காசு இருக்கும்.