ஒரே முன்னொட்டு, வேறு செயற்கூறு: எக்ஸ்குவெரி நிரலை இடம் மாற்றும்போது

ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்புச் செய்யும் சென்னை நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் வாசகர் கேட்கிறார்: "கட்டுரைகளின் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் பிரித்து வட்டில் எழுதும் நிரல்களை எக்ஸ்எம்எல் தரவுத்தள மென்பொருளான எக்சிஸ்ட்-டிபியில், எக்ஸ்எம்எல்-ஐக் கேட்டெடுக்கும் எக்ஸ்குவெரி மொழியில் எழுதியிருந்தோம். அவற்றை அதே வகை மென்பொருளான பேஸ்எக்ஸுக்கு மாற்றினோம். கோப்பு வேலைகளுக்கான செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) தொகுப்பான 'ஃபைல்' மாட்யூல் இரண்டிலும் இருப்பதால் செயற்கூறுகளின் பெயரையும் உள்ளீடுகளின் வரிசையையும் மட்டும் திருத்தினோம். இப்போது கோப்பு ஒழுங்காக உருவாகிறது, ஆனால் பதிவேட்டில் 'தோல்வி' என்று விழுகிறது. இந்தத் தொல்லை தீர, பொதுவான செயற்கூறுத் தொகுப்பு ஒன்றை நாங்களே உருவாக்கி வெளியிடலாமா?"

முதலில் அந்தப் பொய்த் தோல்வியைப் பார்ப்போம். எக்சிஸ்ட்-டிபியின் 'ஃபைல்:சீரியலைஸ்' வேலை முடிந்ததும் உண்மை அல்லது பொய் என்று ஒரு மதிப்பைத் தரும். பேஸ்எக்ஸில் நீங்கள் அழைக்கும் 'ஃபைல்:ரைட்' எதையும் தராது. அதாவது வெற்றுத் தொடரைத் தரும். அதை 'இஃப்' நிபந்தனைக்குள் வைத்தால் வெற்றுத் தொடர் பொய்யாகவே கொள்ளப்படும். கோப்பு எழுதப்பட்ட பிறகும் உங்கள் நிரல் 'எல்ஸ்' பக்கம் போய் நிற்பது இதனால்தான். 'ஃபைல்:ரைட்' தோற்றால் பிழையை எறியும். ஆகவே 'இஃப்'-ஐ எடுத்துவிட்டு, எறிந்த பிழையைப் பிடிக்கும் 'ட்ரை–கேட்ச்' போடுங்கள். 2014-இல் வந்த எக்ஸ்குவெரி 3.0 முதல் அந்த வசதி மொழியிலேயே இருக்கிறது.

'ஃபைல்' என்ற முன்னொட்டைப் பார்த்து உறவு கொண்டாடியதுதான் பிழையின் வேர். முன்னொட்டு வெறும் செல்லப்பெயர்; செயற்கூறின் உண்மையான அடையாளம் அதன் பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) முகவரி. எக்சிஸ்ட்-டிபியில் நீங்கள் இறக்குமதி செய்திருந்தது அந்த மென்பொருளுக்கே உரிய பெயர்வெளி. பேஸ்எக்ஸில் இருப்பது ஈஎக்ஸ்பாத் என்ற குழு வகுத்த பொது விவரக்குறிப்பு. அதன் ஃபைல் மாட்யூல் 1.0 2015-இல் வெளியானது. (முன்னால் ஓர் 'ஈ' இருப்பதைக் கவனியுங்கள், எக்ஸ்பாத் மொழி வேறு, இந்தக் குழு வேறு. இப்படியொரு பெயரை வைத்தவர்கள் அதைத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

இந்த நோய் பழையது. எக்ஸ்எம்எல்-ஐ வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியின் 1999-இல் வந்த 1.0 பதிப்பில், மாறிக்குள் (வேரியபிள்) உருவாக்கிய தற்காலிக எக்ஸ்எம்எல் மரத்துக்குள் பாதை போட்டு நுழைய முடியாது. அதற்காக மென்பொருள் செய்பவர்கள் ஆளுக்கொரு நீட்டிப்புச் செயற்கூறு (மொழியில் இல்லாத கூடுதல் செயற்கூறு) செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் 'நோட்-செட்' என்றது. சேலன் என்ற எக்ஸ்எஸ்எல்டி மென்பொருள் இடைக்கோடு இல்லாமல் 'நோட்செட்' என்றது. வேலை ஒன்றுதான், ஒரு கோட்டில்கூட உடன்பாடு இல்லை. 2001-இல் ஈஎக்ஸ்எஸ்எல்டி என்ற பொது நீட்டிப்பு முயற்சி அதற்குப் பொதுப் பெயரும் பொதுப் பெயர்வெளியும் கொடுத்தது; பல மென்பொருள்கள் ஏற்றன. 2007-இல் எக்ஸ்எஸ்எல்டி 2.0 அந்தத் தடையையே நீக்கியதால் செயற்கூறுக்குத் தேவையே இல்லாமல் போனது. பொது நீட்டிப்பு ஒன்றுக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

உங்களுக்கு இப்போது வேண்டியது உறை மாட்யூல், அதாவது மென்பொருளின் செயற்கூறுகளை உள்ளே மறைத்து உங்கள் பெயரில் தரும் மாட்யூல். உங்களுக்கென ஒரு பெயர்வெளி வைத்து, 'எழுது', 'படி', 'பட்டியலிடு' போன்ற உங்கள் செயற்கூறுகளை அதில் அறிவியுங்கள். மற்ற நிரல்கள் இவற்றை மட்டுமே அழைக்கட்டும். எக்சிஸ்ட்-டிபிக்கு ஒன்று, பேஸ்எக்ஸுக்கு ஒன்று என அதே பெயர்வெளியில் இரண்டு கோப்புகள் இருக்கட்டும். எது ஏற வேண்டும் என்பதை இறக்குமதி வரியிலுள்ள கோப்பின் இடம் முடிவு செய்யும். ஒரே கோப்பில் 'இஃப்' போட்டு இரண்டு மென்பொருளுக்கும் எழுத முயலாதீர்கள்: தெரியாத செயற்கூறின் பெயரைக் கண்டாலே, அந்தக் கிளை ஓடப்போவதில்லை என்றாலும், நிரல் தொடங்கும் முன்பே பிழை வந்துவிடும். எக்சிஸ்ட்-டிபி உறையில் 'பொய்' வந்தால் நீங்களே பிழையை எறியுங்கள். அப்போதுதான் இரண்டு உறைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

இனி வெளியிடும் ஆசை. கோப்புக்கும் எச்டிடிபி அழைப்புக்கும் ஈஎக்ஸ்பாத் ஏற்கெனவே இருக்கிறது. இணைய முகவரிகளைச் செயற்கூறுகளோடு இணைக்க ரெஸ்ட்எக்ஸ்க்யூ இருக்கிறது. பேஸ்எக்ஸ், எக்சிஸ்ட்-டிபி இரண்டும் அதை ஏற்கின்றன. அவற்றில் இல்லாததை மட்டும் எழுதுங்கள். எழுதும்போது பெயரையும் உள்ளீட்டு வகையையும் மட்டும் சொன்னால் போதாது. தோற்றால் எந்தப் பிழைக்குறி வரும், ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் எழுதினால் என்ன ஆகும், வெற்று உள்ளீடு வந்தால் என்ன தரும் என்பவற்றில்தான் மென்பொருள்கள் பிரிந்து போகும். பக்கவிளைவு உள்ள செயற்கூறுகளையும் அப்படியே குறித்துவையுங்கள். எக்ஸ்குவெரி கணக்குச் சூத்திரம் போன்ற மொழி. விடையை யாரும் பயன்படுத்தாத அழைப்பை, நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசர் சத்தமில்லாமல் வெட்டிவிடக்கூடும். கோப்பு எழுதும் அழைப்பு அப்படி மறைந்தால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

இரண்டு மென்பொருள்களில் ஒரே சோதனைத் தொகுப்பு தேறும்வரை 1.0 என்று எண் போடாதீர்கள். பெயர்வெளி முகவரியில் உங்கள் வாடிக்கையாளரின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ வைக்காதீர்கள். பிறர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அந்த முகவரியை மாற்றினால் அவர்களுடைய நிரல்கள் அத்தனையும் உடையும்.