80-ஆ, 100-ஆ? மின்சாரக் கார் பற்றிய வாசகர் கேள்விகள்

தாப்பா, பீடோர் வட்டாரத்து வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைத் தொட்டிருப்பதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்து ஓய்வுபெற்றவன். மகன் எனக்கு மின்சாரக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான். 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்று விற்பனையாளர் சொன்னார். காரோடு வந்த கையேட்டிலோ வாரம் ஒரு முறை 100 வரை ஏற்ற வேண்டும் என்று இருக்கிறது. நாளொன்றுக்கு நான் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது? (பீடோர் வாசகர்)

பதில்: கையேடு சொல்வதைக் கேளுங்கள். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. வேறொரு வகைப் பேட்டரிக்குப் பொருந்தும் அறிவுரையை உங்கள் காருக்குச் சொல்லிவிட்டார்.

நம் மலேசியாவில் ஓடும் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் இரண்டு வகை லித்தியம் பேட்டரிகள் இருக்கின்றன. ஒன்றில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். ஹியூண்டாய் ஐயோனிக் 5 இந்த வகை. மற்றொன்று இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டது. எல்எஃப்பி என்று சுருக்கிச் சொல்வார்கள். புரோட்டோன் இ.மாஸ் 7, பிஒய்டி ஆட்டோ 3 ஆகியவற்றில் இருப்பது இதுதான். ஒரே பெயருள்ள காரிலும் விலைக்கு ஏற்பப் பேட்டரி வகை மாறுவதுண்டு என்பதால், டெஸ்லா மாடல் 3 போன்ற கார் வைத்திருப்பவர்கள் தங்களுடையது எது என்பதைக் கையேட்டிலோ காரின் திரையிலோ பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். உங்கள் கையேடு வாரம் ஒரு முறை 100 என்று சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது எல்எஃப்பி என்றே தோன்றுகிறது.

இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அடித்தளமிட்ட ஆய்வில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மதுரையிலும் பின்னர் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து இரும்பு சல்பேட் சேர்மங்களில் செய்த ஆய்வுதான், 1990களில் குட்இனஃபின் குழு பாஸ்பேட்டை நோக்கிச் செல்ல வழி திறந்தது. 2019-இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் மந்திரம்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிக்கல் வகைப் பேட்டரி முழுதாக நிரம்பும்போது அதற்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலங்களான செல்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டும். அந்த உயர் மின்னழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதையத் தொடங்குகிறது. ஒருமுறை சிதைந்தது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் அந்த வகைக்கு அன்றாடம் 80, நெடும்பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100 என்று சொல்கிறார்கள். எல்எஃப்பி செல்லை முழுதாக ஏற்றும்போதும் அது 3.65 வோல்ட்டைத் தாண்டுவதில்லை என்பதால், அந்தத் திரவத்துக்கு அவ்வளவு நெருக்கடி வருவதில்லை.

எல்எஃப்பி-யை வாரம் ஒரு முறை நிரப்பச் சொல்வதற்குக் காரணம் வேறு. எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கணிக்கக் கார் வோல்ட்டையும் பார்க்கிறது. இந்த வகையிலோ பேட்டரி கால்பங்கு இருந்தாலும் முக்கால்பங்கு இருந்தாலும் செல்லின் வோல்ட் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே, 3.2-க்கும் 3.35-க்கும் இடையில், நின்றுவிடும். நிரம்பும் தறுவாயில்தான் அது சட்டென்று ஏறும். அப்போதுதான் காருக்கும் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும்.

இதை நான் நேரில் கண்டேன். சிலிம் ரிவரில் இருக்கும் என் நண்பர், நல்லது செய்வதாக எண்ணித் தம் எல்எஃப்பி காரை ஐந்து மாதங்கள் 80-ஐத் தாண்ட விடவில்லை. ஒரு மாலை ஈப்போவிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தபோது, பீடோர் டோல் சாவடிக்கு அருகில் 14 என்று காட்டிய திரை, அடுத்த சில நிமிடங்களில் 5-க்கு இறங்கிவிட்டது. குளிர்சாதனத்தை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்துதான் வீடு வந்து சேர்ந்தோம். அன்றிரவு 100 வரை ஏற்றும்படி சொன்னேன். விடிந்து பார்த்தபோது திரையில் 100 என்று இருந்தும் சார்ஜரின் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டிருந்தது. செல்களைக் கார் ஒன்றுக்கொன்று சமப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதை நடுவில் பிடுங்கிவிடாதீர்கள், தானாக நிற்கட்டும். அதற்குப் பிறகு அவருடைய கணக்கு பிசகவில்லை.

ஆனால், எல்எஃப்பி என்றாலும் எப்போதும் 100-இலேயே வைத்திருக்கலாம் என்று பொருளாகாது. இரண்டு வகையிலும் எதிர்மின்முனை பெரும்பாலும் கிராஃபைட்தான்; அதன் மேல் படியும் படலம், பேட்டரி நிரம்பி இருக்கும் போதும் சூடாக இருக்கும் போதும் வேகமாகத் தடித்து, லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திவிடும். நம் ஊரில் பிற்பகல் வெப்பம் 33 பாகையைத் தொடுவது சாதாரணம்; தகரக் கொட்டகையின் கீழே இன்னும் கூடும். ஆகவே 100-ஐத் தொடுவதைவிட, 100-இல் வெயிலில் பல நாள் கிடப்பதே எனக்குக் கவலை தருகிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர்தான் என்பதால், வாரநாட்களில் 50-க்கும் 80-க்கும் இடையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு ஏற்றத் தொடங்கி, ஞாயிறு காலை நீங்கள் கோயிலுக்கோ சந்தைக்கோ கிளம்பும் நேரத்தில் 100-ஐ எட்டும்படி நேரம் அமைத்துக்கொள்ளுங்கள். 10-க்குக் கீழே இறங்கவிடுவதை வழக்கமாக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் மூன்றுமுனைப் பிளக்கில்தான் சார்ஜ் செய்கிறேன். விரைவு சார்ஜருக்குப் போனால் 80-க்குப் பிறகு நத்தை போல் ஏறுகிறது. என் காரில் ஏதேனும் கோளாறா? (தாப்பா வாசகி, ஆசிரியை)

பதில்: கோளாறு இல்லை. ரப்பர் தோட்டத்தில் காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் கம்பில், பால் வாளி சுமந்த தலைமுறையினர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: வாளி பாதியாக இருக்கும்போது பால் பிடித்த மங்குக் கிண்ணத்தை அப்படியே கவிழ்க்கலாம், விளிம்பை நெருங்கும்போது பார்த்துப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். செல்லின் வோல்ட் உச்ச வரம்பை நெருங்கும்போது காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. விரைவு சார்ஜரில் 80-இல் கிளம்பிவிடுங்கள். பின்னால் காத்திருப்பவருக்கும் இடம் கிடைக்கும்.

மூன்றுமுனைப் பிளக் ஏறத்தாழ 2 கிலோவாட்தான், அதாவது மணிக்கு 2 யூனிட்தான் தரும். 60 யூனிட் பேட்டரியை 40-இலிருந்து 80-க்குக் கொண்டுவர 24 யூனிட் வேண்டும், அதாவது 12 மணி நேரத்துக்குச் சற்று மேல். பேட்டரிக்கு இது மென்மையான வழி. ஆனால் பழைய தோட்ட வீடுகளின் வயர்கள் இரவு முழுவதும் இந்தச் சுமையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஒரு மணி நேரம் சென்றபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் அன்றே நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற வயர்மேனை அழைத்துத் தனி இணைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வயரில் மாட்டவே வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரம் தமிழ்நாட்டுக்குப் போகிறோம். காரை நிரப்பிவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம். எந்த வகையானாலும் 50 அளவில் விட்டு, நிழலில் நிறுத்தி, காவல் கேமரா போன்றவற்றை அணைத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் கேமரன் மலையில் தங்கி, விடுதியிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு இறங்குவது நல்லதுதானே? (பீடோர் வாசகர், இன்னொருவர்)

பதில்: ஏறுவதற்கு முன் நிரப்புங்கள், இறங்குவதற்கு முன் நிரப்பாதீர்கள். மலையில் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். காரும் ஆட்களுமாக 2 டன் என்றால், அந்த உயரத்தில் மட்டும் 7 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. காற்றும் சாலையும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும், நீங்கள் வேகத்தைத் தணிக்கும்போதெல்லாம் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதைப் போட இடம் இருக்காது. மோட்டார் தரும் தடுப்பு குறைந்து, அத்தனை வளைவுகளிலும் பிரேக் கட்டைகளே சுமையைத் தாங்க நேரிடும். விடுதியில் 80-இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள். வழியில் வரும் ரிங்லெட் தாண்டிய வளைவுகளில் எண் குறையாமல் நிற்பதையும், சில இடங்களில் ஒன்றிரண்டு ஏறுவதையும் நீங்களே திரையில் பார்க்கலாம்.